எட்டில்லாத சுவர்

சாவகச்சேரியில் கட்டுகிற புற்றுநோய் ஆஸ்பத்திரியில், கதிர்வீச்சு மிசின் வைக்கிற அறையின் சுவர் எத்தனை சென்ரிமீற்றர் தடிப்பாக இருக்கவேண்டும் என்று கணித்துக் கொடுப்பதுதான் எனக்குத் தந்த வேலை. ஆறு மாதத் தகுதிகாண் காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. சுவர்க் கணக்கு சரிவந்தால் நிரந்தர நியமனம். வராவிட்டால் எங்கள் மீன்பிடி ஊர் குருநகரில் அம்மாவோடு குந்தியிருந்து இறால் உரிக்கவேண்டியதுதான். பௌதிகவியல் சிறப்புப் பட்டம் பெற்ற கையால் இறால் உரித்தால் இறாலுக்குக் கூடுதல் விலை ஒன்றும் வராது என்பதை அம்மா ஏற்கனவே சொல்லிவிட்டார்.

எங்கள் கந்தோர் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு பேக்கரியின் மேல்மாடியில். முதலாளி தில்லைநாதன் சேர். அவருடைய தமக்கையின் மகன் பிரவீணன். பிறகு நான். பிரவீணன் வந்த முதல் நாளே நிரந்தரம். அவனுக்குத் தகுதி இருந்தது, காணத் தேவையில்லை.

சேர் என்னை வேலைக்கு எடுத்த நாளில் சொன்னது இது:

"குருநகர்ப் பிள்ளையளும் இப்ப நல்லாய்ப் படிக்குதுகள். சந்தோசம்."

நான் சிரிக்கவில்லை. அவர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

வேலையைச் சொல்கிறேன். கணினிக்குள் ஒரு சுவரைக் கட்டவேண்டும். சுவரின் ஒரு பக்கத்திலிருந்து கதிர்த் துணிக்கைகளை ஒவ்வொன்றாகச் சுடவேண்டும். ஒவ்வொரு துணிக்கையும் சுவருக்குள் போய் எங்கே முட்டுகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே சாகிறது என்பதைக் கணினி சீட்டுக் குலுக்கிப் பார்ப்பதுபோலத் தீர்மானிக்கும். இப்படி எட்டுக் கோடி துணிக்கைகள். அதில் எத்தனை மற்றப் பக்கத்தால் வெளியே வருகின்றன என்று எண்ணினால், சுவரின் தடிப்பு போதுமா, காணாதா என்று தெரிந்துவிடும்.

கேட்க இலகு. ஆனால் சுடுவதற்கு முன்னர் அந்த உலகத்தின் சட்டங்களை நாங்கள்தான் எழுதிக் கொடுக்கவேண்டும். கணினிக்கு இயற்கையைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. இலத்திரன் கல்லில் முட்டி வேகம் குறைந்தால் புதிதாக ஒரு கதிர் பிறக்கும் என்பதற்கு ஒரு சின்னப் பெட்டியில் சரி அடையாளம் போடவேண்டும். போடாவிட்டால் அந்த உலகத்தில் அது பிறக்காது. எந்தச் சக்திக்குக் கீழே போன துணிக்கையைப் பின்தொடர வேண்டாம் என்றும் சொல்லவேண்டும். அந்த எல்லையை மேலே வைத்தால் கணினி கெதியாக முடித்துவிட்டுப் பொய் சொல்லும். கீழே வைத்தால் உண்மை சொல்லும், ஆனால் மார்கழி வரை சொல்லும்.

இதை வீட்டில் விளக்கப்போய் அவமானப்பட்டேன். "வலைக்கண் மாதிரியம்மா. கண் பெரிசெண்டால் சின்ன மீன் எல்லாம் போயிடும்" என்றேன்.

அம்மா லூர்த்தம்மா, வலை பின்னிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தார். "இஞ்சை பாருங்கோ, நாலு வருசம் கம்பசிலை படிச்சுப்போட்டு வந்து உங்களுக்கு வலைக்கண் படிப்பிக்கிறாள்."

"நிரந்தரமாக்கினா எவ்வளவு தருவாங்கள்?" என்று மட்டும் அப்பா கேட்டார். எங்கள் வீட்டில் பௌதிகவியல் அதற்குமேல் போனதில்லை.

மூன்று கிழமை இருந்து அந்தச் சட்டங்களை ஒழுங்குபடுத்தினேன். கடவுள் ஆறு நாளில் முடித்தார் என்பது உண்மைதான். ஆனால் அவருக்குப் பக்கத்து மேசையில் பிரவீணன் இருந்து போனில் கிரிக்கெட் பார்க்கவில்லை.

இனி எட்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.

தில்லைநாதன் சேருக்கு எட்டு ஆகாது. சனியின் எண்ணாம். அவருடைய கார் இலக்கத்தில் எட்டில்லை. போன் இலக்கத்தில் எட்டில்லை. எங்கள் கந்தோர் அறிக்கைகளில் ஏழாம் பக்கத்துக்கு அடுத்தது ஒன்பதாம் பக்கம். பதினேழுக்கு அடுத்தது பத்தொன்பது. ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி போன் எடுத்து, காணாமல்போன பக்கங்களை அனுப்பச் சொல்லிக் கேட்டாராம். சேர் நிதானமாக, "அதுகளிலை முக்கியமா ஒண்டுமில்லை" என்றாராம். இது பிரவீணன் பெருமையோடு சொன்ன கதை.

நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. பயந்திருக்கவேண்டும்.

தகுதிகாண் காலம் முடிய ஒரு கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை பின்னேரம் என் கோப்பை ஆயத்தமாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அதை ஓடவிடுவது பிரவீணனின் வேலை. சனி, ஞாயிறு முழுக்கக் கணினி ஓடியது. திங்கள் காலை முடிவு வந்திருந்தது: நூற்று எழுபத்தாறு சென்ரிமீற்றர். ஓட்டிய துணிக்கைகள் எட்டுக் கோடிக்குப் பதிலாக ஒன்பது கோடி என்று கிடந்தது. பிரவீணன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையைக் கூடுதலாகச் செய்திருக்கிறான் என்று நினைத்து, அவனுக்கு என் காசில் ஒரு றோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அந்த றோல்ஸை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

சேர் உடனே ஆஸ்பத்திரி முதலாளி செபநாயகத்துக்குப் போன் அடித்தார்.

"நூற்றி எழுபத்தாறு. ஓம், ஓம். நாங்கள் நினைச்சதிலும் மெல்லிசு. எங்கடை பிள்ளையள் கணினியிலை பார்த்தது. வெள்ளி ஒன்பது மணி பன்னிரண்டு நிமிசத்துக்கு நல்ல நேரம், கொங்கிறீற்று ஊத்தத் தொடங்குங்கோ."

அறிக்கையின் முதல் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து காட்டினார். 'தயாரித்தவர்: ம. பிரவீணன்.'

"சேர், நான் செய்தது" என்றேன்.

"நிரந்தரமான ஆள்தான் கையெழுத்து வைக்கலாம் பிள்ளை. அது கந்தோர் விதி. உன்ரை கடிதம் அடிச்சுப் பைலிலை கிடக்கு. வெள்ளிக்கிழமை கையெழுத்து வைச்சுத் தாறன். அடுத்த அறிக்கையிலை உன்ரை பேர்."

பல்லைக் கடித்துக்கொண்டு போய் என் மேசையில் இருந்தேன். அறிக்கையின் கடைசியில், கணினி சொன்னது சரிதானா என்று கைக்கணக்காலும் ஒருமுறை ஒப்புப் பார்த்துக் காட்டவேண்டும். அட்டவணையைப் பார்த்து, கடதாசியில் பெருக்கி வகுத்தேன். நூற்று எண்பத்தாறு வந்தது. திரும்பச் செய்தேன். நூற்று எண்பத்தாறு.

பத்து சென்ரிமீற்றர் இடிக்கிறது. வீட்டு மதிலுக்கு என்றால் பத்து சென்ரிமீற்றரில் ஒன்றும் இல்லை. இங்கே பத்து சென்ரிமீற்றர் குறைந்தால் மற்றப் பக்கத்துக்கு வருகிற கதிர் இரண்டு மடங்கு.

"கைக்கணக்கு எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும்" என்றார் சேர். அது உண்மை. அதனால் என்னில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. இலத்திரனைக் கைவிடுகிற எல்லையை மேலே வைத்துவிட்டேனோ? செவ்வாய் முழுக்க அதை இறக்கி இறக்கிச் சின்ன ஓட்டங்கள் ஓட்டினேன். நூற்று எழுபத்தாறு. புதன்கிழமை, பெட்டி பெட்டியாக ஒவ்வொரு சரி அடையாளத்தையும் பார்த்தேன். எல்லாம் நான் போட்டபடி கிடந்தது. நூற்று எழுபத்தாறு. என் படிப்பையும், என்னைப் படிப்பித்தவர்களையும், அந்த மென்பொருளை எழுதிய முகந்தெரியாத ஆட்களையும் வரிசையாகத் திட்டினேன்.

வியாழக்கிழமை காலை, வேறொன்றும் மிச்சமில்லாததால், கொங்கிறீற்று எதனால் ஆனது என்று எழுதிய பகுதியைத் திறந்தேன். அது நான் முதல் கிழமையே எழுதி முடித்த பகுதி. சரி பார்க்கவேண்டிய தேவையே இல்லாத பகுதி. கொங்கிறீற்றின் நிறையில் அரைவாசி ஒட்சிசன். ஒட்சிசனின் அணுவெண் எட்டு. இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்.

என் கோப்பில் ஒட்சிசனின் அணுவெண் ஒன்பது என்று கிடந்தது.

பெயர் ஒட்சிசன். நிறை ஒட்சிசனின் நிறை. எண் மட்டும் புளோரீன் என்கிற நச்சுவாயுவின் எண். உலகத்தில் இல்லாத ஒரு மூலகம் எங்கள் சுவருக்குள் இருந்து கதிர்களை மறித்துக்கொண்டிருந்தது. கீழே பார்த்தேன். சிலிக்கனின் நிறை இருபத்தெட்டிலிருந்து இருபத்தொன்பதாகியிருந்தது. எட்டுக் கோடி ஒன்பது கோடியாகியிருந்தது. கோப்பு முழுக்க ஒரு எட்டுக்கூட இல்லை.

"பிரவீணன்."

"ம்."

"போனை வை."

வைக்கவில்லை. நான் வாங்கி வைத்தேன்.

"என்ரை கோப்பிலை எட்டை எல்லாம் ஆர் ஒன்பதாக்கினது?"

"ஓ, அதோ?" என்றான், நான் நன்றி சொல்லப்போகிறேன் என்று நினைத்தவன்போல. "அறிக்கையின்ரை பின்னிணைப்பிலை கோப்பை அப்பிடியே அச்சடிக்கவேணுமெல்லே. மாமா பார்த்தார். இதென்ன உடம்பெல்லாம் சின்னமுத்து போட்டமாதிரி எட்டாக் கிடக்கு எண்டார். கொஞ்சம் பார்த்துத் துப்புரவாக்கச் சொன்னார். தேடி மாத்துறதுக்கு ஒரு கட்டளை இருக்கெல்லே? ஒரே தட்டு. ஒரு செக்கன்."

"ஒட்சிசனையும் மாத்திப்போட்டாய்."

"அதுக்குள்ளை ஒட்சிசன் கிடந்தது எனக்கென்னெண்டு தெரியும்?"

"பேர் எழுதியிருக்குதடா!"

"நான் எண்ணைத்தான் பார்த்தனான்."

எட்டுகளைத் திரும்பப் போட்டு ஒரு சின்ன ஓட்டம் ஓட்டினேன். பதினொன்றரைக்கு முடிந்தது. நூற்று எண்பத்தாறு. சேரின் அறைக்குள் தட்டாமல் போனேன்.

சேர் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "எட்டுக்கும் ஒன்பதுக்கும் ஒண்டுதானே வித்தியாசம்" என்றார்.

"சேர், மூச்சு விடுறதுக்கும் புளோரீனைக் குடிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்."

"சத்தம் போடாதை. செபநாயகத்துக்குச் சொல்லியாச்சு. பலகை அடிச்சாச்சு. நாளைக்கு ஊத்தப்போறாங்கள். இப்ப போய்ப் பிழையெண்டால் என்ரை பேர் என்னாகிறது? எங்கடை கணக்கிலை பாதுகாப்புக்கெண்டு கொஞ்சம் கூட்டித்தானே வைச்சிருக்கிறம்."

"இல்லை சேர். உங்கடை நூற்றி எழுபத்தாறிலை எல்லாத்தையும் கூட்டியாச்சு. அதுக்குமேலை ஒண்டும் இல்லை."

சேர் மேசையில் கிடந்த நீல நிறப் பைலைத் தொட்டார். திறக்கவில்லை. தொட்டார், அவ்வளவுதான்.

"நாளைக்கு உன்ரை கடிதத்திலை கையெழுத்து வைக்கிற நாள் பிள்ளை. யோசிச்சு நட."

யோசித்தேன். வீட்டுக்குப் போகிற வழி முழுக்க யோசித்தேன். பிழையான சுவருக்குப் பிரவீணனின் கையெழுத்து, என் வாய்க்குப் பூட்டு, அதற்குக் கூலியாக நிரந்தர நியமனம். கணக்கு விளங்கியது. விளங்கினதால்தான் கூடக் கோபம் வந்தது. அம்மாவிடம் சொன்னேன்.

"உதுக்கு ஏன் என்னைக் கேக்கிறாய்? நீ போகத்தானே போறாய்" என்றார் அம்மா. "போறதெண்டால் செருப்பை மாத்திக்கொண்டு போ. உந்தச் செருப்போடை போய்ச் சீமேந்துக்குள்ளை விழுந்திடுவாய்."

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறி எட்டரைக்கெல்லாம் சாவகச்சேரியில் இறங்கினேன். கட்டட வளவில் கொங்கிறீற்று லொறி ஏற்கனவே வந்து உருளையைச் சுற்றிக்கொண்டு நின்றது. செபநாயகம் வேட்டியோடு, தலையில் மஞ்சள் பாதுகாப்புத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் சேர், பிரவீணன். மேசன்மாருக்குத் தலைவர் றஞ்சித்தண்ணை பலகைக்கு மேலே ஏறி நின்று குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் சேர் இரண்டடி முன்னால் வந்தார். "நீ ஏன் இஞ்சை? கந்தோரிலை ஆர்?"

நான் நிற்கவில்லை. ஏணியில் ஏறி, மற்றப் பக்கத்தால், சுவருக்கென்று அடித்த இரண்டு பலகைகளுக்கும் நடுவில் இறங்கிவிட்டேன். கம்பிக் கூட்டுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் இருந்தது.

"பிள்ளை, வெளியாலை வா! ஊத்தப்போறம்!" என்று றஞ்சித்தண்ணை மேலிருந்து கத்தினார்.

"ஊத்துங்கோ அண்ணை. நான் வரமாட்டன்."

"ஐயா, இஞ்சை சுவருக்குள்ளை ஒரு பெட்டை நிக்குது!"

செபநாயகம் வந்து பலகையின் இடுக்கால் எட்டிப் பார்த்தார். "ஆர் பிள்ளை நீ?"

"உங்கடை சுவரைக் கணக்குப் பார்த்தவள். ஜெயனி. கணக்குப் பிழை. பத்து சென்ரிமீற்றர் காணாது."

"கணக்குப் பார்த்தது பிரவீணன் எண்டல்லோ பேப்பரிலை கிடக்கு?"

"பேப்பரிலை கிடக்கும். ஐயா, இந்தச் சுவருக்கு அங்காலை என்ன வரப்போகுது?"

"நோயாளருக்குத் துண்டு எழுதுற மேசை."

"ஆர் இருக்கிறது?"

"என்ரை மருமோன்தான் இருந்து பாக்கப்போறார்."

"அப்ப உங்கடை மருமோனுக்கு நாள் முழுக்க, அனுமதிச்ச அளவிலை இரண்டு மடங்கு கதிர் அடிக்கும்."

செபநாயகம் யோசித்தார். அந்த யோசனை கொஞ்சம் நீண்டுவிட்டது என்று எனக்குப் பட்டது.

"மகளும் சில நாளையிலை வந்து இருப்பா" என்றார் பிறகு, பெருமூச்சோடு. "என்ன பிழை? சொல்லு."

சொன்னேன். பலகைக்கு இந்தப் பக்கத்திலிருந்து, ஒரு சொல் விடாமல் சொன்னேன். சேர் குறுக்கே பேசப் பார்த்தார். செபநாயகம் கையைக் காட்டி நிறுத்தினார். கடைசியில் அவர் சேரைப் பார்த்தது கோபத்தோடு அல்ல. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன் பிள்ளை, உந்த எண்சாத்திரம் ஒண்டும் நம்பிறேல்லை" என்றார். "ஆனா ஆஸ்பத்திரியெண்டது உயிர் போய்வாற இடம். சுவருக்குள்ளை எட்டு இல்லாமல் இருந்தா நல்லதுதானே?"

பலகையில் ஓங்கித் தட்டினேன்.

"ஐயா, சுவரிலை அரைவாசி எட்டுத்தான். தண்ணியிலை பத்துக்கு ஒன்பது பங்கு நிறை எட்டுத்தான். ஒட்சிசனெண்டா எட்டு."

"எந்த ஒட்சிசன்?"

"இப்ப நீங்கள் இழுக்கிற ஒட்சிசன்."

செபநாயகம் மூச்சை நிறுத்திவிட்டார். பக்கத்தில் சேரின் வாயும் மூடிக்கொண்டது. இருபத்தைந்து வருசம் எட்டை வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்த மனிதர். நிமிசத்துக்குப் பதினைந்து தரம் அதை உள்ளே எடுத்திருக்கிறார். லொறியின் உருளை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"மூச்சை விடுங்கோ ஐயா" என்றேன். "விழுந்தா இன்னும் ஆஸ்பத்திரி கட்டி முடியேல்லை."

முதலில் சிரித்தது றஞ்சித்தண்ணை. அவர் மேலே நின்று சிரித்த சிரிப்பில் பலகை ஆடியது. பிறகு செபநாயகம் இருமியபடி சிரித்தார். சேர் சிரிக்கவில்லை.

"றஞ்சித், பலகையைத் தள்ளி அடிக்க எவ்வளவு நேரம்?" என்று செபநாயகம் கேட்டார்.

"ஒரு பக்கத்தைத் தள்ளினாக் காணும். ஒரு ஒண்டரை மணித்தியாலம்."

"தள்ளு."

நான் கம்பியைப் பிடித்து ஏறி வெளியே வந்தேன். பதினொரு மணிக்குக் கிட்டத் தள்ளி முடித்தார்கள். லொறிச் சாரதி அதற்குள் நாலு தரம் வந்து, பதினொன்றரைக்குள் இறக்காவிட்டால் உருளைக்குள்ளேயே இறுகிவிடும், பிறகு அதை உளியால் கொத்தி எடுக்க ஆஸ்பத்திரி முதலாளியே உள்ளே இறங்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல நேரம் போய் ராகுகாலம் தொடங்கியிருந்தது. செபநாயகம் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஊற்றுவதற்கு முன்னர் சுவரின் தடிப்பை உறுதிப்படுத்திக் கையெழுத்து வைக்கவேண்டிய தாளை எடுத்தார். பிரவீணன் பேனையோடு வந்தான்.

"நீ தள்ளி நில்லு தம்பி. ஒட்சிசனை மாத்தின கை. இந்தப் பிள்ளை வைக்கட்டும்" என்றார் செபநாயகம்.

"நான் வைக்கேலாது ஐயா" என்றேன். "நான் நிரந்தரமில்லை. நிரந்தரமான ஆள்தான் கையெழுத்து வைக்கலாமெண்டு கந்தோர் விதி. சேரைக் கேளுங்கோ."

எல்லாரும் சேரைப் பார்த்தார்கள். சாரதியும் பார்த்தான்.

"திங்கக்கிழமை பாப்பம்" என்றார் சேர். "இப்ப ராகுகாலம். ராகுகாலத்திலை நான் ஒரு கடதாசியிலும் கையெழுத்து வைக்கிறேல்லை."

"எத்தினை மணி வரைக்கும்?" என்று சாரதி கேட்டான்.

"பன்னிரண்டு."

சாரதி சொன்னதை இங்கே எழுதமுடியாது. லொறி, சேர், சேரின் தாய்வழி எல்லாம் அதில் வந்தது.

"தில்லைநாதன்" என்றார் செபநாயகம். "இவள் கையெழுத்து வைக்காமல் நான் ஊத்தமாட்டன். ஊத்தாட்டி இந்த லொறியும் கொங்கிறீற்றும் உம்மடை தலையிலை."

"கடிதம் காருக்குள்ளைதான் கிடக்கு மாமா" என்றான் பிரவீணன். வாழ்க்கையில் அவன் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. அதையும் தெரியாமல்தான் செய்தான்.

நீலப் பைல் வந்தது. லொறியின் முன்பக்கத்தில் வைத்து, சூட்டில் கை பொசுங்கப் பொசுங்க, சேர் கையெழுத்து வைத்தார்.

"எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டு வைக்கிறன். இந்த நேரத்திலை வைச்ச கையெழுத்து விளங்காது."

"பரவாயில்லை சேர். திகதியையும் போடுங்கோ."

போட்டார். கடிதத்தை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். பிறகு செபநாயகத்தின் தாளை வாங்கினேன். பேனையைத் திறந்த பிறகுதான் ஒன்று தோன்றியது.

"றஞ்சித்தண்ணை, நாடாவைத் தாங்கோ."

"அளந்துதான் பிள்ளை அடிச்சனாங்கள்."

"தாங்கோ."

முதல் மூலையில் நூற்று எண்பத்தாறு. நடுவில் நூற்று எண்பத்தாறு. வீதிப் பக்கத்து மூலையில் நூற்று எண்பத்தைந்து.

"ஒரு சென்ரிமீற்றர்தானே" என்றார் றஞ்சித்தண்ணை.

"ஒண்டுதானே பிள்ளை" என்றார் செபநாயகம்.

சாரதி உருளையைப் பார்த்தான், மணிக்கூட்டைப் பார்த்தான், கடைசியாக என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

பேனையை மூடினேன்.

"தள்ளுங்கோ" என்றேன்.